சிற்றுயிர்களுக்கு ஏடெழுதிய ஆசிரியர்

அரசர்தம் வரலாற்றை எழுதினோர் பலர். அறவோர், புலவர் வரலாற்றை எழுதினோரும் பலர். ஆனால், நாம் கைவீசி விரட்டும் ஈக்கும், கண்டு விலகும் குளவிக்கும், காலால் ஒதுக்கும் வண்டுக்கும் வரலாறு எழுதினோர் மிகச் சிலரே. அச்சிலருள் தலையாயவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் ழான் ஆன்ரி ஃபாபர். பொருள் வளமோ, பெரும் பதவியோ, சிறந்த கருவிகளோ இன்றி, கண்ணும் பொறுமையும் குறிப்பேடுமே துணையாகக் கொண்டு அவர் ஆற்றிய பணியை அன்பர்கள் அறிதல் நலமெனக் கருதி, அன்னாரது வாழ்க்கையை ஈண்டுச் சுருங்க உரைக்கின்றோம்.

ஃபாபர் 1823ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் தென் பிரான்சிலுள்ள சேன் லெயோன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஊர் ஊராகச் சென்று காப்பிக் கடை வைத்தும் பயன் காணாதவர். ஆகவே, படிக்க வேண்டிய பருவத்தில் ஃபாபர் பிழைப்புத் தேட நேர்ந்தது. பொக்கேர் நகரச் சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றார். பொக்கேருக்கும் நீமுக்கும் இடையே அந்நாளில் இருப்புப்பாதை போடப்பட்டு வந்தது. அங்குக் கூலியாளாகவும் உழைத்தார். இருப்புப்பாதையால் உண்டு உடுத்து வாழும் எம் போன்றோர்க்கு இச்செய்தி தனியொரு பெருமிதம் தருகின்றது.

பின்னர் அவிஞோன் நகர ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் உதவித் தொகைத் தேர்வில் வெற்றி பெற்று, கார்ப்பந்திரா என்னும் ஊரில் ஆசிரியரானார். ஆண்டுச் சம்பளம் 700 பிராங்கு. ஒருநாள் மாணவரை வெளியே அழைத்துச் சென்று நிலம் அளக்கப் பழக்கியபோது, அவர்கள் கற்களில் கட்டப்பட்டிருந்த மண்கூடுகளைக் கிளறி, துரும்பால் தேன் உறிஞ்சுவதைக் கண்டார். அக்கூட்டைக் கட்டிய தேனீயைப் பற்றி அறிய ஆவல் கொண்டு, ஒரு மாதச் சம்பளம் முழுவதையும் கொடுத்துப் பூச்சிகளைப் பற்றிய நூலொன்றை வாங்கினார். மாதக் கடைசியின் நெருக்கடியை அறிந்தோரே அச்செயலின் அருமையை உணர்வர்.

கல்லூரியில் அமர்ந்து கற்க வசதியில்லாத அவர், தாமே பயின்று பட்டங்கள் பெற்றார். கோர்சிகாத் தீவில் சில ஆண்டுகள் பணியாற்றி, 1853இல் அவிஞோனுக்குத் திரும்பினார். குளவி ஒன்று வண்டுகளைக் கொட்டித் தன் குஞ்சுகளுக்கு உணவாக வளையில் சேர்க்கின்றது, அவ்வண்டுகள் அழுகுவதில்லை. குளவியின் நஞ்சு பிணத்தைக் கெடாமற் காக்கின்றது என எழுதியிருந்தார் லெயோன் துஃபூர் என்னும் அறிஞர். ஃபாபர் தாமே குளவியின் வளையருகே காத்திருந்து பார்த்தார். வண்டு இறக்கவில்லை, குளவி அதன் நரம்பு முடிச்சில் கொட்டி அசைவற்றதாக ஆக்கிவிடுகின்றது என 1855இல் வெளியிட்டார். இவர்தம் கூர்த்த நோக்கைச் சார்லஸ் டார்வின் பெரிதும் போற்றினார். டார்வினின் பரிணாமக் கொள்கையை ஃபாபர் இறுதிவரை ஏற்றாரல்லர். எனினும் அவ்விருவரும் ஒருவரையொருவர் மதித்துக் கடிதம் எழுதி வந்தனர்.

அறிவுப் பணிக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. அவிஞோனில் மாலை வேளைகளில் பொதுமக்களுக்குக் கட்டணமின்றி அறிவியல் பாடம் நடத்தினார்; பெண்களும் வந்து கேட்டனர். மலர்கள் கருவுறும் முறையைப் பெண்களுக்கு எடுத்துரைத்தது குற்றமென ஒரு சாரார் கொதித்தெழுந்தனர். 1870இல் அவர் வேலையை விட்டார். குடியிருந்த வீட்டையும் இழந்தார். மனைவி மக்களோடு திகைத்து நின்ற அவருக்கு, ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், முறிச்சீட்டு எதுவும் கேளாமல், 3000 பிராங்கு கடனளித்தார். பள்ளிச் சிறுவர்க்கு அறிவியல் நூல்கள் எழுதி, அவ்வருவாயால் குடும்பம் காத்து, அக்கடனையும் அடைத்தார் ஃபாபர்.

1877இல் அதனினும் பெரிய இடி விழுந்தது. பூச்சி தேடித் தம்மோடு அலைந்த அருமை மகன் ழூல் 16 வயதில் மறைந்தான். தந்தை தாம் கண்ட மூன்று குளவி இனங்களுக்கு மகனின் பெயரையே சூட்டினார். அச்சிற்றுயிர்களே மகனுக்கு நினைவுச் சின்னமாயின.

1879இல் செரிஞான் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் நிலத்துடன் ஒரு வீட்டை வாங்கினார். உழவுக்கு உதவாத, முட்செடியும் கல்லும் நிறைந்த நிலம் அது. அத்தகைய தரிசை அப்பகுதி மக்கள் ‘அர்மா’ என்பர். பிறர் பயனற்றதென ஒதுக்கிய அந்நிலமே குளவிக்கும் தேனீக்கும் புகலிடமென்று அவர் கண்டார். அதே ஆண்டு தொடங்கி 1907 வரை, பூச்சிகளைப் பற்றிய தம் நினைவுக் குறிப்புகளைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டார்.

ஈக்களையும் அவர் இழிவாக எண்ணவில்லை. ஊர்ச் சிறுவர்க்குச் சில்லறைக் காசு கொடுத்து இறந்த பாம்பு, ஓணான், அகழெலிகளைத் தருவித்தார். அவற்றைத் தோட்டத்தில் வைத்து, எந்த ஈ எப்போது வருகின்றது, எங்கே முட்டையிடுகின்றது எனக் குறித்தார். வெந்த முட்டையின் வெள்ளைக் கருவைப் பச்சை ஈயின் புழுக்களோடு கண்ணாடிக் குழாயிலிட்டார். கெட்டியான கரு நீராய்க் கரைந்தது. பிணத்தைக் கரைத்து மண்ணுக்கு மீட்டளிக்கும் துப்புரவாளர் இப்புழுக்களே என உணர்த்தினார். இறைச்சியைக் காகித உறையிலிட்டால் நீல ஈ அணுகாதென்னும் எளிய வழியையும் மக்களுக்குச் சொன்னார்.

முதுமையில் வறுமை மீண்டும் வாட்டியது. 1910இல் அன்பர்கள் கூடி விழா எடுத்த பின்னரே நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது. 1915 அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள், தமது 91ஆம் வயதில், அவர் இயற்கை எய்தினார். 1922இல் அரசு அந்நிலத்தை வாங்கியது. இன்று அது பிரான்சின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சார்ந்துள்ளது.

குளவியின் கொட்டு ஃபாபர் எண்ணிய அளவு குறி தப்பாததன்று எனப் பின்வந்தோர் திருத்தினர். ஆயினும் அவர் கண்டு எழுதிய குறிப்பு அழியவில்லை. கொள்கை மாறும்; நேர்மையாகப் பதிந்த பதிவு நிற்கும். செருமனியின் கிரேஃபெல்டு நகரில் 1905இல் தோன்றிய பூச்சியியல் கழகத்தில் தொழில்முறை ஆய்வாளரல்லாத ஆர்வலரே மிகுதி. அவர்கள் 63 காப்பு நிலங்களில், 27 ஆண்டுகளாக, பொறியில் வீழ்ந்த பூச்சிகளை நிறுத்துக் குறித்து வந்தனர். பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை நான்கில் மூன்று பங்கிற்கு மேல் குறைந்துவிட்டதென்னும் செய்தி, அக்குறிப்புகளால் 2017இல் உலகிற்குத் தெரிந்தது. அவர்கள் எழுதாது விட்டிருப்பின், அவ்விழப்பு எவரும் அறியாமலே நிகழ்ந்திருக்கும். இருப்பு இன்னதென்று தெரியாத பொருளைக் காப்பது எங்ஙனம்?

நாளும் நேரமும் இல்லாத பதிவு பதிவாகாது என்பதைப் பேரேட்டோடு பழகிய நாம் நன்கறிவோம். இன்ன நாள், இன்ன இடம், இன்ன செடி, இன்ன பூச்சி என நான்கு சொல் எழுத, பட்டமும் பணமும் வேண்டுவதில்லை. நம் குழந்தைகள் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, வாயிற்புறத்துச் செடியருகே சற்று நிற்கப் பழக்குவோமாக. 700 பிராங்குச் சம்பளத்தில் வாழ்ந்த ஓர் ஏழை ஆசிரியரின் பெயர் நிலைபெற அதுவே தக்க வழி.