சவடால் வைத்தியைப் படைத்தவர்: கொத்தமங்கலம் சுப்பு வாழ்க்கை

1957-ம் ஆண்டு. "ஆனந்த விகடன்" கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் புரட்டிய பக்கம் "தில்லானா மோகனாம்பாள்". எழுதியவர் "கலைமணி" என்று போட்டிருந்தது. யார் அந்தக் கலைமணி? பல வாசகர்களுக்குத் தெரியாது.

அவர்தான் ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்த கொத்தமங்கலம் சுப்பு!

1910-ல் பட்டுக்கோட்டை பக்கம் பிறந்தவர். இயற்பெயர் சுப்பிரமணியன். பெரிய படிப்பு கிடையாது. பிழைப்புக்காகப் போய்த் தங்கிய கொத்தமங்கலம், பெயரோடு ஒட்டிக்கொண்டது. நாடகத்தில் நடித்தார், சினிமாவுக்கு வந்தார். எஸ்.எஸ்.வாசன் கண்ணில் பட்டார். அப்புறம் ஜெமினியே கதி!

எல்லா வேலையும்

அங்கே அவர் செய்யாத வேலை எது? கதை, வசனம், பாட்டு, நடிப்பு, டைரக்ஷன் எல்லாம் உண்டு. ஆர்.கே.நாராயண் கதையான "மிஸ் மாலினி"யில் (1947) சம்பத்தாக வந்து வெளுத்துக் கட்டினார். கே.பி.சுந்தராம்பாள் நடித்த "அவ்வையார்" (1953) இவர் டைரக்ட் செய்த படம். ஆனாலும் ஜெமினி படம் என்றால் ஜனங்கள் வாயில் வந்த பெயர் வாசன்தான். சுப்பு பின்னால்தான் நின்றார்.

கோவில் திருவிழா, மேளக் கச்சேரி, சதிர் ஆட்டம் என்று தஞ்சாவூர்ச் சீமையில் பார்த்ததை எல்லாம் தொடர்கதையில் கொட்டினார். நாதசுரக்காரருக்கு மூக்கு நுனியில் கோபம். நாட்டியக்காரிக்கு விட்டுக் கொடுக்காத ரோஷம். சண்டையும் காதலும் ஒன்றாகவே வளர்ந்தன. நடுவில் குட்டையைக் குழப்ப சவடால் வைத்தி! கோபுலுவின் படங்கள் வேறு. கேட்கவா வேண்டும்?

வாங்க மறுத்த பணம்

படமாக்க ஆசைப்பட்டவர் ஏ.பி.நாகராஜன். கதை உரிமை வாசனிடம் இருந்தது. கேட்டு வாங்கினார். சினிமா வட்டாரத்தில் ஒரு சம்பவம் சொல்வார்கள். எழுதியவருக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று நாகராஜன் பணத்தோடு சுப்பு வீட்டுக்குப் போனாராம். சுப்பு வாங்க மறுத்துவிட்டார். உரிமைக்கு வந்த தொகையை வாசன் ஏற்கனவே அவரிடம் அனுப்பிவிட்டாராம்!

27-7-1968 அன்று படம் ரிலீஸ். சிவாஜி, பத்மினி, நாகேஷ், பாலையா, மனோரமா என்று நட்சத்திரப் பட்டாளம். சிவாஜி வாசிப்பதாகவே தியேட்டரில் பலர் நினைத்தார்கள். உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள். படம் சக்கைப்போடு போட்டது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது.

சுப்புவின் இன்னொரு நாவல் "ராவ்பகதூர் சிங்காரம்". அதையும் நாகராஜன் விடவில்லை. "விளையாட்டுப் பிள்ளை" (1970) ஆக்கினார். அதிலும் சிவாஜி - பத்மினி ஜோடிதான்.

காந்தி கதையை வில்லுப்பாட்டாக ஊர் ஊராகப் பாடியவரும் இதே சுப்புதான். 1971-ல் மத்திய அரசு "பத்மஸ்ரீ" கொடுத்தது. கலைமணி யார் என்பது அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. வாசன் மட்டும் அதைப் பார்க்க இல்லை. 1969-லேயே போய்விட்டார்.

1974 பிப்ரவரி 15-ந்தேதி சுப்பு காலமானார். வயது 63.