யாழை மீட்ட துறவி



சென்ற ஆண்டு விழாவன்று நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம் நினைவிருக்கலாம். பாடற்குழுவினர் வரவேற்புப் பாடலைத் தொடங்கிய மறு நொடியே கிடாரின் கம்பி ஒன்று அறுந்துபோயிற்று. மறுநாள் இசையறையில் நாங்கள் புதுக்கம்பி மாட்டிக்கொண்டிருந்தபோது எட்டாம் வகுப்புச் சிறுமியர் சூழ்ந்துகொண்டு கேள்விகளால் துளைத்தெடுத்துவிட்டார்கள். கிடாரின் வயிற்றில் துளை எதற்கு? மின்கிடாரில் அந்தத் துளை இல்லையே, அது எப்படி ஒலிக்கிறது? ஆணியைத் திருகினால் சுரம் ஏன் மாறுகிறது? முடிவில் குண்டூர் நாட்டுச் சிறுமி ஒருத்தி கேட்டாள், நம் ஓரி மன்னனைப் பாட வந்த பாணர்கள் கையில் வைத்திருந்ததும் கிடார்தானா என்று.

தோழியர் சிரித்தார்கள். ஆனால் அது நல்ல கேள்வி. அதற்கு விடை தேடுவதிலேயே தம் வாழ்நாளின் சுமார் 14 ஆண்டுகளைச் செலவிட்ட பெரியார் ஒருவர் இருந்தார். அவர்தாம் விபுலானந்த அடிகள். அவருடைய வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் உங்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

முதலில் நம் மலையிலிருந்தே தொடங்குவோம். செம்மேட்டில் குதிரைமீது அமர்ந்திருக்கும் வல்வில் ஓரியின் சிலையை நீங்கள் எல்லாரும் கண்டிருப்பீர்கள். ஆடிப் பதினெட்டை ஒட்டி அவன் பெயரால் விழாவும் எடுக்கிறோம். புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் என்னும் புலவர் இவ்வள்ளலைப் பாடுகிறார். யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஒரே அம்பால் வீழ்த்திய வேட்டுவனைப் பாணர் கூட்டம் காட்டில் காண்கிறது. அவன் யாரென அறியாமலே முழவை ஆயத்தம் செய்து, யாழைப் பண்ணுக்கு அமைத்துப் பாடுகிறார்கள். தன் புகழைக் கேட்டு நாணிய அம்மன்னன் அவர்களுக்கு ஊனும் கள்ளும் பொன்னும் மணியும் வாரி வழங்குகிறான். எனவே நம் கொல்லிமலைக் காட்டில் ஒலித்தது யாழ். அது கிடாரைப் போலக் கழுத்தில் விரல் வைத்து அழுத்தி வாசிக்கும் கருவியன்று. ஒவ்வொரு நரம்பும் ஒவ்வொரு சுரத்தைத் தரும் வளைந்த கருவி. நம் திருவிவிலியத்தில் தாவீது சவுல் அரசனின் மனக்கலக்கம் தீர மீட்டியதும் ஒரு நரம்புக் கருவியே. மியான்மர் நாட்டில் சவுங் என்னும் வளைந்த யாழ் இன்றும் வழக்கில் உள்ளது.

தமிழ்நாட்டிலோ யாழ் மறைந்துபோயிற்று. ஒரே தந்தியில் பல சுரங்களையும் அவற்றின் அசைவுகளையும் எழுப்பவல்ல வீணை மெல்ல மெல்ல அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. யாழ் செய்யும் தச்சன் மறைந்தான், அவன் மகனுக்கு அத்தொழில் தெரியவில்லை. பிறகு நூற்றாண்டுகளாக யாழ் என்பது பாட்டில் வரும் ஒரு சொல்லாக மட்டுமே நின்றது.

அச்சொல்லுக்கு மீண்டும் மரமும் நரம்பும் தந்தவர் 1892ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் இலங்கையின் கீழ்க்கரையில், காரைதீவில் பிறந்தார். தந்தையார் சாமித்தம்பி, தாயார் கண்ணம்மை. குழந்தைக்கு மயில்வாகனன் எனப் பெயரிட்டார்கள். இதிலே ஓர் ஒற்றுமை உண்டு. யாழைப் பற்றி மிகுதியாகப் பேசும் சிலப்பதிகாரத்தை ஏட்டுச் சுவடிகளிலிருந்து உ. வே. சாமிநாதையர் அடியார்க்கு நல்லார் உரையுடன் அச்சேற்றியதும் அதே 1892இல்தான். நூலும் அதைப் படிக்கப் பிறந்தவரும் ஒரே ஆண்டில் வெளிவந்தனர் எனலாம்.

சிறுவன் மயில்வாகனன் கல்முனையில் மெதடிஸ்தப் பள்ளியிலும், பின்னர் மட்டக்களப்பில் இயேசு சபைத் துறவியர் நடத்திய புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். 1908இல் கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் தேறியபோது அவருக்கு வயது பதினாறு. கணிதமும் அறிவியலும் அவருக்குப் பிடித்த பாடங்கள். தமிழையும் அவர் விடவில்லை. 1916இல் கொழும்பில் அறிவியல் டிப்ளமாவைப் பெற்ற அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் வெற்றி பெற்றார். இலங்கையிலிருந்து அத்தேர்வில் தேறிய முதல்வர் அவரே. 1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் ஆசிரியரானார். ஊரின் பெயரிலேயே யாழ் இருந்தது, ஆனால் யாழைக் கண்ணால் கண்டவர் அங்கு ஒருவரும் இல்லை. 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டமும் அவருக்குக் கிட்டியது.

பட்டமும் பதவியும் கைக்கு வந்த வேளையில் அவர் உள்ளம் துறவை நாடிற்று. 1922இல் சென்னை மயிலாப்பூரில் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924இல் விபுலானந்தர் என்னும் துறவுப் பெயர் பெற்றார். தாயகம் திரும்பியபின் ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காகப் பாடசாலைகளைப் பேணினார். மட்டக்களப்பில் 1929இல் தோன்றிய சிவானந்த வித்தியாலயம் அவருடைய உழைப்பின் பயன். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் பொறுப்பும் அவரைத் தேடி வந்தது. இடையில் இமயமலையில் உள்ள மாயாவதியில் தங்கிப் பிரபுத்த பாரத என்ற ஆங்கில இதழின் ஆசிரியராகவும் பணியாற்றினார். அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் குழுவுக்கும் தலைமை தாங்கினார்.

இத்தனை அலுவல்களுக்கும் நடுவே கிடைத்த ஓய்வு நேரத்தில்தான் அவர் யாழைத் தேடினார். அவர் தொழில்முறை இசைக்கலைஞர் அல்லர். எவரும் இப்பணியை அவருக்கு இட்டதும் இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படிக்கும்போது அதில் வரும் இசைச் செய்திகள் வெறும் வருணனை அல்ல, அவை கணக்கு என்று அவருக்குத் தோன்றியது. கணக்கு என்றால் போட்டுப் பார்க்கலாம், கருவி என்றால் செய்து பார்க்கலாம் அல்லவா?

அவர் சென்ற வழியைச் சற்று விளக்குகிறோம். இது அறிவியல் வகுப்பிலும் உங்களுக்கு உதவும். ஒரே இழுப்பில் நிற்கும் நரம்பைப் பாதியாகக் குறைத்தால் அதே சுரம் ஒரு தானம் மேலே ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் ஐந்தாம் சுரம் பிறக்கும். நான்கில் மூன்று பங்காக்கினால் நான்காம் சுரம் பிறக்கும். நம் முன்னோர் ஏழு சுரங்களைக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என அழைத்து, அவற்றுக்கு முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என மாத்திரை வகுத்தனர். கூட்டினால் 22 வரும். இவ்வெண்களை இயற்பியல் படித்த அடிகளார் நரம்பின் நீளக் கணக்காக மாற்றிப் பார்த்தார். பழைய உரையாசிரியர்கள் பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என நரம்புத் தொகை கூறியிருந்தனர். ஒவ்வொரு நரம்பும் எந்தச் சுரத்தில் நிற்க வேண்டும் என்பதைக் கணித்துக் கண்டார்.

நரம்பின் கணக்கு கிடைத்துவிட்டால் போதுமா? மரத்தின் உருவம் வேண்டுமே! அதற்கு அவர் சங்கப் பாட்டுகளைத் தச்சனின் கண்கொண்டு படித்தார். பொருநராற்றுப்படையில் ஒரு யாழின் உறுப்புகள் ஒவ்வொன்றாக வருகின்றன. மானின் குளம்பு பதிந்த இடம்போல் நடுவில் உயர்ந்து இருபுறமும் தாழ்ந்த பத்தர், அதன்மேல் போர்த்தித் தைத்த தோல், வளையில் வாழும் நண்டின் கண்போலத் துளையை அடைக்கும் ஆணி, தலை தூக்கிய பாம்பைப் போன்ற கரிய தண்டு, குற்றித் தீட்டிய தினையரிசிபோல் வழவழப்பான நரம்பு. அந்தத் தினையைத் தீட்டும் கைகள் நம் மலையில் இன்றும் இருப்பதால், அந்த உவமை நகரத்துப் பிள்ளைகளைவிட உங்களுக்கு எளிதில் விளங்கும். பெரும்பாணாற்றுப்படையிலோ ஆயன் ஒருவன் உள்ளே துளையுடைய குமிழ மரக் கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழைத் தானே செய்துகொள்கிறான். ஆடு மாடு மேய்க்கும்போது கைக்கு எட்டிய பொருள்களைக் கொண்டே கருவி செய்தவன் அவன்.

பத்தரும் தோலும் எதற்கு? நரம்பு தனியே அதிர்ந்தால் ஒலி மெலிதாகவே இருக்கும். அந்த அதிர்வை உட்குடைவான பத்தரும் அதன்மேல் இழுத்துக் கட்டிய தோலும் வாங்கிப் பெருக்குகின்றன. நம் இசையறைக் கிடாரில் அதே வேலையை மரப்பெட்டியும் துளையும் செய்கின்றன. 1930களில் அமெரிக்காவில் தோன்றிய மின்கிடாரில் காந்தமும் கம்பிச் சுருளும் எஃகுக் கம்பியின் அசைவை மின்னோட்டமாக மாற்ற, ஒலிபெருக்கி அதைப் பெரிதாக்குகிறது. அதனால் அதற்கு வயிறு வேண்டியதில்லை. இதுவே சிறுமியர் கேட்ட முதல் இரு கேள்விகளுக்கும் விடை. மூன்றாவதற்கும் விடை சொல்லிவிடுகிறோம். ஆணியைத் திருகினால் கம்பியின் இழுப்பு கூடும், இழுப்பு கூடினால் சுரமும் ஏறும்.

இவ்வாறு தாம் கண்ட வடிவங்களை அடிகளார் ஏட்டிலேயே விட்டுவிடவில்லை, கருவிகளாகச் செய்வித்தார். தாம் கண்டவற்றையெல்லாம் யாழ்நூல் என்னும் பெரிய நூலாகவும் எழுதினார். 1947ஆம் ஆண்டு ஜூன் 5, 6 ஆகிய நாட்களில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் அந்நூல் அரங்கேறியது. முளரியாழ், சுருதி வீணை முதலிய கருவிகளை ஏந்தியவர்கள் ஊர்வலமாகச் செல்ல, அறிஞர்கள் சூழ அடிகளார் தம் நூலை அவைமுன் வைத்தார். நூலில் கணக்கிட்ட சுரங்களை க. பொ. சிவானந்தம் பிள்ளை கருவியில் இசைத்துக் காட்டினார். படித்தவர் பலரும் பாட்டில் மட்டுமே அறிந்திருந்த யாழ், அன்று அவர்கள் காதில் விழுந்தது.

அந்த மகிழ்ச்சியை அடிகளார் நெடுநாள் அனுபவிக்கவில்லை. ஆறே வாரங்களில், 1947 ஜூலை 19ஆம் நாள், அவர் கொழும்பில் இறையடி சேர்ந்தார். வயது 55. அவர் பேணி வளர்த்த சிவானந்த வித்தியாலய வளாகத்திலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. இன்னும் ஓர் ஆண்டு கழித்து முடிக்கலாம் என்று அவர் ஒத்திப்போட்டிருந்தால் யாழ்நூல் அரைகுறைக் குறிப்புகளாகவே நின்றிருக்கும்.

மாணவியரே, ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் மீட்ட யாழ் உடனே கச்சேரி மேடைகளில் பரவிவிடவில்லை. வீணையும் வயலினும் ஆண்ட இடத்தை அது பிடிக்கவில்லை. அவர் கண்ட முடிவுகள் சிலவற்றை ஏற்காத அறிஞர்களும் உண்டு. அப்படியானால் அந்த 14 ஆண்டுகளும் வீணா? நாங்கள் அவ்வாறு நினைக்கவில்லை. கிடார் செய்வதில் ஈடுபட்டிருந்த இளைஞர் ஒருவர் அண்மைய ஆண்டுகளில் சென்னையில் யாழையும் செய்து ஒலிக்க வைத்திருக்கிறார். யாழைப் பற்றி அறிய விரும்பும் எவரும் இன்று முதலில் தேடுவது அடிகளாரின் நூலைத்தான். பின்வருவோர் திருத்துவதற்கும் தொடர்வதற்கும் ஒன்றைச் செய்து வைத்துவிட்டுப் போவதும் பெரிய தொண்டே.

கருவியை வாங்கி வாசிப்பது ஒரு நிலை. அதைக் கழற்றி, ஆணியும் நரம்பும் மாற்றி, தானே ஒன்று செய்து பார்ப்பது மேலான நிலை. தம் கிடாரைப் பிரித்து மறுபடி பூட்டும் அண்ணன்மாரை வீட்டில் கடிந்துகொள்ளும் பெற்றோர் இதனைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். அப்பொழுதுபோக்கு ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியதும் அன்று. திருகுளியைப் பிடிக்க நம் மாணவியர் கைகளுக்கும் தெரியும். தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் கடையப்படுகிறது. நம் மலையில் பலாவுக்குப் பஞ்சமில்லை.

யாழ் அழிந்தது ஒரு நாளில் அன்று. ஒரு தலைமுறை கேட்கவில்லை, ஒரு தலைமுறை சொல்லவில்லை, அவ்வளவுதான். குண்டூர் நாட்டிலும் நம் மலையின் மற்ற நாடுகளிலும் பாட்டிமார் அறிந்த பாடல்கள், திருவிழாவில் முழங்கும் கருவிகள், அவற்றுக்குத் தோல் கட்டும் முறை எத்தனையோ உண்டு. இந்த விடுமுறையில் உங்கள் பாட்டியிடமும் தாத்தாவிடமும் அமர்ந்து கேளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, படமும் வரைந்து கொண்டுவாருங்கள். பள்ளி திறந்ததும் இசையறையில் அவற்றை எல்லாம் காட்சிக்கு வைக்க எண்ணியுள்ளோம். அன்று கேள்வி கேட்ட சிறுமி தன் நோட்டுப் புத்தகத்தை இப்போதே தொடங்கிவிட்டாள் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.