தையற்காரியின் பயம் வீண் அல்ல!

அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் ஆன் ஆர்பர் என்று ஓர் ஊர் உண்டு. அங்குள்ள சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்தவர் டாக்டர் வார்தின். 1866-ம் ஆண்டில் பிறந்தவர். முதலில் சங்கீதம் பயின்றார். பிறகுதான் வைத்தியம் படித்தார்.

1895-ம் ஆண்டில் ஒரு நாள், அவருக்குத் தெரிந்த தையற்காரி ஒருத்தி முகம் வாடியிருந்தாள். டாக்டர் காரணம் கேட்டார். தன் உறவினர் பலர் குடலிலோ, வயிற்றிலோ, கர்ப்பப்பையிலோ புற்றுநோய் கண்டு மாண்டார்கள் என்றாள். தனக்கும் அதே கதிதான் என்றாள்.

வேறொருவர் வீண் பயம் என்று தேற்றி அனுப்பியிருப்பார். வார்தின் அப்படிச் செய்யவில்லை. அவள் குடும்பத்தில் யார் யார் எந்த நோயால் இறந்தார்கள் என்று குறித்து வைத்தார். பல ஆண்டுகள் பாடுபட்டு வம்ச அட்டவணை தயாரித்தார்.

அந்தப் பெண் பயந்தபடியே ஆயிற்று. கர்ப்பப்பையில் புற்றுநோய் கண்டு இள வயதிலேயே இறந்தாள்.

சில குடும்பங்களில் புற்றுநோய் பரம்பரையாக வருகிறது என்று 1913-ல் வார்தின் எழுதினார். டாக்டர்களில் பலர் அதைப் பெரிதாக எண்ணவில்லை. 1925-ல் அக்குடும்பத்தைப் பற்றிய புது விவரங்கள் வெளியாயின. 1931-ல் அவர் காலமானார்.

அவர் சேர்த்து வைத்த காகிதங்கள் பிற்காலத்தில் டாக்டர் ஹென்றி லிஞ்ச் கையில் கிடைத்தன. அவர் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். இன்று அந்த நோய்க்கு லிஞ்ச் பெயரே வழங்குகிறது.

நோயின் மூலம் என்ன?

பத்திரிகை ஆபீசில் அச்சுப் பிழை திருத்த ஆள் உண்டல்லவா? நம் உடம்பிலும் அப்படித்தான். ஓர் உயிரணு இரண்டாகும்போது தன் பரம்பரைக் குறிப்பைப் படியெடுக்கிறது. அதில் விழும் பிழைகளைத் திருத்தச் சில ஜீன்கள் உள்ளன. தையற்காரியின் குடும்பத்தில் அத்தகைய ஜீன் ஒன்று பிறவியிலேயே பழுதுபட்டிருந்தது. 2000-ம் ஆண்டில் இது தெரிய வந்தது.

பெருங்குடல் புற்றுநோய் எல்லாம் ஒரே நோய் அல்ல என்று டாக்டர்கள் இப்போது அறிவார்கள். கட்டியில் எந்த ஜீன் கெட்டிருக்கிறது என்று பார்த்து வகை பிரிக்கிறார்கள். பிழை திருத்தும் ஜீன் கெட்ட வகையில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து பலருக்கு நல்ல பலன் தருகிறது. கே-ராஸ் என்ற ஜீன் மாறிய வகையில் வேறு சில மருந்துகள் பலிப்பதில்லை.

பழுதுபட்ட ஜீன் பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. முன்கூட்டியே தெரிந்தால் குடலுக்குள் குழாய் விட்டு அவ்வப்போது சோதித்து, நோயை ஆரம்பத்திலேயே பிடித்து விடலாம். ஆகவே, உங்கள் குடும்பத்தில் பலருக்கு இந்நோய் வந்திருந்தால் மறைக்காதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள்.