சேற்றை ஜெயித்த மனிதர் பெஞ்சமின் ஹோல்ட்

எடிசனையும் ஜேம்ஸ் வாட்டையும் நாம் பள்ளியிலேயே படித்துவிட்டோம். நான் எழுதப்போவது, நம்ம ஊர் நெல் வயலுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒருவரைப் பற்றி.

பெஞ்சமின் ஹோல்ட் 1849 ஜனவரி 1-ம் தேதி அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்தார். குடும்பத் தொழில் மர அறுவை. வண்டி செய்ய மரம் அறுத்துக் கொடுப்பார்கள். 1883-ல் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகருக்குப் போய், அண்ணன்மாரோடு சேர்ந்து சக்கரக் கம்பெனி ஆரம்பித்தார். 1886-ல் குதிரைகள் இழுக்கும் கதிர் அறுவடை இயந்திரத்தை விற்றார். 1890-ல் நீராவி டிராக்டர் செய்தார். அதன் எடை சுமார் 22,000 கிலோ!

இங்கேதான் வந்தது வினை. ஸ்டாக்டன் பக்கம் ஆற்றுப்படுகை நிலம். இலை தழை மக்கிய கறுப்பு மண், மெத்தை மாதிரி அமுங்கும். குதிரைக்கே குளம்பில் அகலமான கட்டை மாட்டித்தான் ஓட்டினார்கள். டிராக்டர் சும்மா விடுமா? புதைந்தது.

எல்லாரும் செய்வதைத்தான் ஹோல்ட்டும் முதலில் செய்தார். சக்கரத்தை அகலமாக்கினார், பக்கத்துல இன்னும் சக்கரம் சேர்த்தார். கடைசியில் ஒரு வண்டியின் அகலம் 46 அடி! செலவும் எடையும் கூடியதே தவிர, பிரச்சினை தீரவில்லை.

அப்புறம்தான் யோசனையை மாற்றினார். பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, மரப்பலகைகளைச் சங்கிலியில் கோத்து மாட்டினார். 1904 நவம்பர் 24-ம் தேதி, ஸ்டாக்டன் அருகே ராபர்ட்ஸ் தீவில் ஓட்டிப் பார்த்தார். வண்டி புதையாமல் போனது. கம்பளிப்பூச்சி ஊர்வது போல இருந்ததால், ஆங்கிலத்தில் அந்தப் பூச்சியின் பெயரான கேட்டர்பில்லர் என்பதே வண்டிக்குப் பெயரானது.

பனியில் மரம் இழுக்க ஆல்வின் லொம்பார்டு என்பவர் 1901-லேயே இந்த மாதிரி வண்டிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அதையும் சொல்லணும். ஆனால் இதை வயலுக்குக் கொண்டுவந்து விவசாயி கையில் கொடுத்தவர் ஹோல்ட். 1920 டிசம்பரில் ஸ்டாக்டனில் காலமானார். 1925-ல் அவர் கம்பெனியும் போட்டிக் கம்பெனியும் இணைந்து கேட்டர்பில்லர் நிறுவனம் உருவானது. நெய்வேலி சுரங்கத்துல ராட்சத இயந்திரங்கள் நகர்வதும் இதே முறையில்தான்.

இதில் நமக்கு என்ன? கம்மாபுரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நெல் நிலம் உண்டு. எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அறுப்பு நேரத்துல மழை பெய்தால் அப்பாவுக்கு ஒரே கவலை: டயர் வண்டியா, பெல்ட் வண்டியா? பெல்ட் வண்டிக்கு வாடகை அதிகம். டயர் வண்டி மலிவு, ஆனா சிக்கிக்கிச்சுன்னா இழுக்க இன்னொரு வண்டி வேணும். அதற்குள் சாய்ந்த கதிர் முளைத்துவிடும்.

விடை நாம் படித்த அழுத்தக் கணக்கிலேயே இருக்கிறது. எடையைத் தரையில் படும் பரப்பால் வகுக்கணும். 8,000 கிலோ வண்டி என்று வைத்துக்கொள்வோம். நாலு டயரும் சேர்ந்து 5,000 சதுர செ.மீ. தொட்டால், சதுர செ.மீட்டருக்கு 1.6 கிலோ. இரண்டு பெல்ட்டும் 16,000 சதுர செ.மீ. தொட்டால் அரை கிலோதான். களிமண்ணில் தண்ணீர் ஏற ஏற இளகும் என்பதை விருத்தாசலம் செராமிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்!

அதுக்காக எப்பவும் பெல்ட்தான் என்று இல்லை. காய்ந்த நிலத்துக்கு டயர் போதும். டயர் வண்டி ரோட்டில் தானே ஓடிவரும். பெல்ட் வண்டியை லாரியில் ஏற்றணும். லேசான ஈரமென்றால் ஆழமான பட்டை உள்ள அகல டயரே சமாளிக்கும். நடந்தால் கால் புதையும் அளவு சேறு இருந்தால் மட்டும் வாடகையில் கணக்குப் பார்க்கக் கூடாது.

ஹோல்ட் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவரை தோற்றார். மண்ணைப் பார்த்தபோது ஜெயித்தார். டிப்ளமோ படிக்கும் நாமும் படித்ததை நம்ம வயலில் வைத்துப் பார்ப்போம். வரும் அறுப்புக்கு வண்டி பேசும் முன்னால், வரப்பில் நிற்காமல் நடுவயலில் இறங்கி நடந்து பாருங்கள் நண்பர்களே!