தாமசு பிரின்சின் ஏட்டுச் செல்வம்

இற்றை மாசாசூசெட்சு மாநிலத்துச் சாண்டுவிச்சு ஊரில் 1687-இல் பிறந்தவர் தாமசு பிரின்சு. 1703-இல் ஆர்வர்டு கல்லூரியிற் சேர்ந்த நாள்தொட்டு, நியூ இங்கிலாந்து பற்றிய நூல்களோடு, பிறர் படித்தெறியும் சிறு வெளியீடுகளையும் திரட்டினார். அவற்றைக்கொண்டு எழுதிய வரலாறு 1633-ஆம் ஆண்டோடு நின்றது, திரட்டியதே பெருந்தொண்டாயிற்று.

பாசுட்டன் நகரின் பழைய தென்திருக்கோயிலில் நாற்பதாண்டு குருவாயிருந்த அவர், 1758-இல் மறையுமுன் அத்தொகுதியை அக்கோயிலுக்கே எழுதிவைத்தார். நற்காவல்தான் வாய்க்கவில்லை! 1775-இல் போர் மூண்டதும் ஆங்கிலப் படையினர் கோயிலைக் குதிரைப் பயிற்சிக் கூடமாக்கினர். கோபுர அறையிலிருந்த ஏடுகள் பல அழிந்தன. காணாமற்போன பிராட்போர்டின் பிளிமத்து வரலாற்றுக் கையெழுத்துப்படி, 1855-இல் இலண்டன் மறையாயர் மாளிகையிற் கண்டறியப்பட்டு, 1897-இல் அமெரிக்கா மீண்டது. எஞ்சிய ஏடுகளை 1866-இல் பாசுட்டன் பொது நூலகம் ஏற்றது.