அடித்து ஜெயிலில் போட்டார்கள். அந்த நாட்டுக்கே ராக்கெட் செய்து கொடுத்தார்!

1961 ஏப்ரல் 12-ந்தேதி. யூரி ககாரின் 108 நிமிடத்தில் பூமியை ஒரு சுற்று சுற்றி வந்தார். விண்வெளிக்குப் போன முதல் மனிதர் என்று உலகமே அவரைக் கொண்டாடியது.

அவரை ஏற்றிச் சென்ற ராக்கெட்டைச் செய்தது யார்? வெளியே யாருக்கும் தெரியாது. எதிரி நாட்டுக்காரன் கொன்று விடுவான் என்று பயந்து, சோவியத் அரசே பெயரை மறைத்து வைத்திருந்தது.

அவர்தான் செர்கேய் கொரலேவ்.

தங்கச் சுரங்கத்தில் கைதி

1907-ல் உக்ரைனில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பா, அம்மா பிரிந்து விட்டனர். 1933-ல் மாஸ்கோ அருகே நண்பர்களோடு சேர்ந்து விட்ட ராக்கெட் 400 மீட்டர் உயரம் போனது.

1938 ஜூன் 27-ந்தேதி போலீஸ் வந்து பிடித்துப் போனது. ஸ்டாலின் காலம். நாசவேலை செய்தார் என்று பொய் வழக்கு. அடி, உதை. 10 ஆண்டு தண்டனை.

சைபீரியாவில் கோலிமா தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். உறைய வைக்கும் குளிர். சரியான சாப்பாடு கிடையாது. நோய் வந்து பல பற்கள் கொட்டிப் போச்சு. வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்ததால்தான் உயிர் தப்பினார். பிறகு கைதியாகவே விமானம் வடிவமைத்தார். 1944-ல் விடுதலை.

குண்டுக்குச் செய்த ராக்கெட்

அமெரிக்கா வரை அணுகுண்டு வீச ஒரு ஏவுகணை வேண்டும். அந்த வேலை கொரலேவிடம் வந்தது.

ஆர்-7 என்று பெயர். மண்ணெண்ணெய் எரிபொருள். அதை எரிக்கத் திரவ ஆக்சிஜன். மேலே போன பிறகு என்ஜின் பற்றுமா என்று சந்தேகம். அதனால் நடுவில் ஒன்று, சுற்றி நாலு என எல்லாவற்றையும் தரையிலேயே பற்ற வைத்தார். கெட்டிக்காரத்தனம்!

1957 மே மாதம் தோல்வி. ஜூலையிலும் தோல்வி. ஆகஸ்டு 21-ந்தேதி பறந்தது. ஆனால் குண்டு வைக்கும் முனை காற்றில் உடைந்து போனது. அதைச் சரி செய்யும் வரை சும்மா இருக்கவில்லை. அதே ராக்கெட்டில் 83 கிலோ ஸ்புட்னிக்கை ஏற்றி அக்டோபர் 4-ந்தேதி அனுப்பினார். உலகின் முதல் செயற்கைக்கோள் அதுதான்.

அவர் குற்றவாளி அல்ல என்று அரசு ஒப்புக் கொண்டதும் அதே 1957-ல்தான்.

நிலவு ராக்கெட் சண்டை

அடுத்து நிலவு. அங்கேதான் சிக்கல். என்ஜின் செய்யும் குளுஷ்கோவும் ஜெயிலுக்குப் போய் வந்தவர்தான். எந்த எரிபொருள் என்பதில் இருவருக்கும் தகராறு. கடைசியில் வேறு ஆளிடம் 30 சின்ன என்ஜின் வாங்க வேண்டியதாயிற்று.

அது பறப்பதைப் பார்க்க அவர் இல்லை. 1966 ஜனவரி 14-ந்தேதி ஆபரேஷன் மேஜையிலேயே இறந்தார். வயது 59. ஜெயிலில் உடைத்த தாடை சரியாகத் திறக்காததால் மூச்சுக்குழாய் செருக முடியவில்லை என்று சொல்லப்படுகிறது.

நிலவு ராக்கெட் 4 முறை கிளம்பி 4 முறையும் தோற்றது.

செத்த பிறகுதான் பேப்பரில் அவர் பெயரும் போட்டோவும் வந்தன. சாம்பலை கிரெம்ளின் சுவரில் வைத்தார்கள்.

1984-ல் நம்ம ராகேஷ் சர்மா விண்வெளி போனதும் அந்த ஆர்-7 வழியில் வந்த ராக்கெட்டில்தான்.