கம்மந்தான் கான்சாகிபு

கோட்டையை வளைத்துப் போரிடுவதை உழிஞை என்றும், வளைக்கப்பட்ட கோட்டையைக் காத்து நிற்பதை நொச்சி என்றும் புறப்பொருள் வெண்பாமாலை வகுத்துரைக்கும். இவ்விரு வகைப் போரிலும் பழுத்த வீரர் ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் வாழ்ந்தார். மருதநாயகம் என்று பிறந்ததாகச் சொல்லப்படும் யூசுப்கானே அவர். இராமநாதபுரச் சீமையின் பனையூர் அவரது பிறப்பிடம். இளமையில் இஸ்லாத்தைத் தழுவினார்.

திருச்சிராப்பள்ளி முற்றுகைக் காலத்தில் ஆங்கிலேயர் படையில் சேர்ந்த அவர், பகைவர் கண்ணில் படாமல் உணவுவண்டிகளைக் கொண்டு சேர்ப்பதில் பெயர் பெற்றார். 1754-இல் சிப்பாய்கள் அனைவர்க்கும் தலைவரானார். ‘கமாண்டண்ட்’ என்னும் அப்பதவிப் பெயரே மக்கள் நாவில் ‘கம்மந்தான்’ ஆயிற்று. 1758 டிசம்பரில் லாலி சென்னைக் கோட்டையை வளைத்தபோது, யூசுப்கான் கோட்டைக்குள் அடைபட்டிருக்கவில்லை. வெளியே திரிந்து, வளைத்தவரையே பின்னிருந்து தாக்கினார். பிரெஞ்சுப் பாசறைக்குச் செல்லும் உணவை மறித்தார். நேர்நின்று பொருவதைத் தவிர்த்து அயர்வுறச் செய்யும் இம்முறைக்கு, 1759 பிப்ரவரியில் முற்றுகை நீங்கியதில் சிறு பங்கன்று, பெரும்பங்கே உண்டு.

பின்னர் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் ஆட்சி அவரிடம் வந்தது. 1759 டிசம்பரில் பூலித்தேவரின் வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கித் தோற்றுப் பின்வாங்கினார். விடவில்லை, 1761-இல் நெற்கட்டுஞ்செவல் வீழ்ந்தது. வரி ஒழுங்காகத் தண்டப்பட்டது, நீர்நிலைகள் பழுதுபார்க்கப்பட்டன. அவ்வளர்ச்சி ஆர்க்காட்டு நவாபு முகமது அலிக்கு உறுத்தியது. நவாபுக்கு அடங்குமாறு கம்பெனியார் பணித்தனர், அவர் மறுத்தார். 1763-இல் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது.

இப்போது அவர் நொச்சி வீரர். அகழியும் இரட்டை மதிலும் கொத்தளங்களும் சூழ்ந்த கோட்டை அது. வெளிவீதிகள் இன்று அவ்வெல்லையைக் காட்டும். முதல் முற்றுகை மழைக்காலத்தோடு கலைந்தது. மீண்டும் வந்த மேஜர் காம்பெல், பீரங்கியால் மதிலைப் பிளந்து 1764 ஜூன் 26-இல் ஏறித் தாக்கினார். மிகுந்த இழப்போடு திரும்பினார். அதன்பின் ஆங்கிலேயர் ஏறுதலைக் கைவிட்டு, வழிகளை அடைத்துக் காத்திருந்தனர். சென்னையில் யூசுப்கான் பகைவர்க்குச் செய்தது மதுரையில் அவருக்கே நேர்ந்தது. ஆனால் வெளியே நின்று முற்றுகையாளரை அலைக்கழிக்க ஒரு படை இல்லை. அதனைத் தந்திருக்கக்கூடிய பாளையக்காரர்களைக் கம்பெனிக்காக முன்னரே ஒடுக்கியவர் அவரல்லவா?

உள்ளே பசி மிகுந்தது. அக்டோபர் 13-இல், தொழுகையில் இருந்த யூசுப்கானைத் திவான் சீனிவாசராவும் பிரெஞ்சுத் தலைவன் மார்ச்சாந்தும் உடனிருந்தோரும் பிடித்துக் கட்டிப் பகைவரிடம் ஒப்புவித்தனர். அக்டோபர் 15-இல் மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தருகே நவாபின் ஆணைப்படி தூக்கிலிடப்பட்டார். உடல் கூறாக்கப்பட்டுப் பல ஊர்களில் புதைக்கப்பட்டதென்பது மக்கள் வழக்கு. சம்மட்டிபுரத்தில் தர்கா ஒன்று நிற்கிறது.